கவலையில் நின்று வழி தேர்வோம்

‘கவலை’ என்னும் சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் மனவருத்தம் என்பதே. பழந்தமிழில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஒரு வழி இரண்டாகவோ பலவாகவோ பிரியும் இடத்தையும் ‘கவலை’ என்றே நம் முன்னோர் வழங்கினர். கவர்த்த வழியாதலின் அது கவலை. எவ்வழிச் செல்வது என்று அறியாமல் அங்கு நிற்பவன் உள்ளத்தில் எழும் கலக்கத்திற்கும் அதுவே பெயராயிற்றுப் போலும்.

கல்லூரியை விட்டு வெளியேறும் நம் மாணவர்கள் ஒவ்வோராண்டும் இத்தகைய கவலையில்தான் நிற்கின்றனர். மூன்றாண்டுகள் பாடம் கேட்டவர்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். ஆயினும் வழி பிரியும் இடத்தில் தாமே நின்று, தாமே நோக்கி, தாமே முடிவெடுக்கும் பயிற்சியை அவர்களுக்கு நாம் அளித்திருக்கின்றோமா? இவ்வினாவை மனத்திற்கொண்டு ஒரு விளையாட்டைப் பற்றி இம்மலரில் எழுத விழைகின்றேன். தமிழ்த்துறை மலரில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று எவரும் ஐயுற வேண்டா. கட்டுரை முடிவதற்குள் அவ்வையம் தீரும் என்பது என் நம்பிக்கை.

ஓடுதலும் ஓர்தலும்

மேலைநாட்டார் ‘ஓரியன்டியரிங்’ என வழங்கும் அவ்விளையாட்டைத் தமிழில் ‘திசையறி ஓட்டம்’ எனலாம். போட்டியாளர் கையில் இரண்டே கருவிகள் இருக்கும்: ஒன்று நிலப்படம், மற்றொன்று காந்தத் திசைகாட்டி. காட்டிலும் மேட்டிலும் பாறைகளின் இடுக்கிலும் செம்மஞ்சளும் வெண்மையும் கலந்த சிறு கொடிகள் வைக்கப்பட்டிருக்கும். அவை இருக்கும் இடங்கள் படத்தில் வட்டமிட்டுக் காட்டப்பட்டிருக்கும். தொடக்கத்தை முக்கோணமும் முடிவை இரட்டை வட்டமும் குறிக்கும். வட்டங்களை வரிசை பிறழாமல் ஒவ்வொன்றாகக் கண்டடைந்து, கண்டதற்கு அடையாளம் பதித்துக்கொண்டு, குறைந்த நேரத்தில் முடிவிடத்தை எய்துபவரே வென்றவர். இடையில் ஒரு கொடியை விட்டுவிட்டால், எத்துணை விரைந்து ஓடி வந்தாலும் அவ்வோட்டம் செல்லாது.

படமும் நாம் பள்ளியில் கண்ட நாட்டுப்படம் போன்றதன்று. 1:15,000 அல்லது 1:10,000 என்னும் அளவில் வரையப்படுவது. பின்னதில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 100 மீட்டர். பழுப்புக் கோடுகள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகள். நீலம் நீர்நிலை, கருமை பாறை, மஞ்சள் வெட்டவெளி, பச்சை அடர்புதர். வெண்மையோ தடையின்றி ஓடத்தக்க காடு. தனித்து நிற்கும் பெரும்பாறை ஒன்றுகூட அப்படத்தில் கரும்புள்ளியாக இடம்பெறும்.

ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்த கொடி 400 மீட்டர் தொலைவில், ஒரு குன்றின் உச்சிக்கு அப்பால் இருக்கின்றது. நேரே சென்றால் எட்டுச் சமஉயரக் கோடுகளைக் கடக்க வேண்டும். கோட்டிற்குக் கோடு 5 மீட்டர் எனின் 40 மீட்டர் ஏற்றம். ஏறும் ஒவ்வொரு 10 மீட்டரும் சமதளத்தில் 100 மீட்டர் ஓடுவதற்கு ஒப்பாகும் என்பது இவ்வோட்டக்காரர்களிடையே வழங்கும் பொதுக்கணக்கு. அவ்வாறாயின் 400 மீட்டர் நேர்வழி, உழைப்பில் 800 மீட்டராகின்றது. குன்றைச் சுற்றிச் செல்லும் ஒற்றையடிப் பாதையோ 700 மீட்டர்தான். சுற்றுவழியே குறுக்குவழி ஆகிவிடுகின்றது! ஆனால் அப்பாதை முள்ளடர்ந்த பச்சை நிறத்தினூடே சென்றால் கணக்கு மீண்டும் மாறும். மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கும்போதே இவற்றையெல்லாம் எண்ணித் தெளிய வேண்டும். கால் வலிமை மட்டும் உடையவர் இங்கு வெல்லுதல் அரிது. ஓடுதலோடு ஓர்தலும் உடையவரே வெல்வர்.

பிறப்பும் வளர்ச்சியும்

‘ஓரியன்டியரிங்’ என்னும் சொல் 1886ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுப் படைப்பயிற்சிக் கல்லூரியில் வழக்கிற்கு வந்தது. அறியாத நிலத்தைப் படமும் திசைகாட்டியும் கொண்டு கடத்தல் என்பது அன்று அதன் பொருள். 1897இல் நார்வே நாட்டில் பொதுமக்களுக்கான போட்டி நடைபெற்றது. சுவீடனைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்னும் படை அலுவலர், இளைஞர்களுக்கு ஓட்டப் பந்தயங்களில் ஆர்வம் குன்றி வருவதைக் கண்டு, காட்டையே விளையாட்டுக் களமாக்கினார். 1919இல் சுடாக்கோமுக்குத் தெற்கே அவர் நடத்திய போட்டியிலிருந்து இவ்விளையாட்டு மக்கள் இயக்கமாக வளர்ந்தது. 1961இல் பத்து நாடுகள் கோபனேகனில் கூடிப் பன்னாட்டுக் கூட்டமைப்பை நிறுவின. இன்று அதில் எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. முதல் உலகப் போட்டி 1966இல் பின்லாந்தில் நடந்தது. ஐரோப்பாவிற்கு வெளியே முதன்முறையாக 1985இல் ஆத்திரேலியாவின் பெண்டிகோ பகுதியில் உலகப் போட்டி நடந்தது. கருங்கற் பாறைகளும் புதர்க்காடும் விரவிக் கிடக்கும் நிலம் அது. குளிர்நாட்டு ஊசியிலைக் காட்டில் தோன்றிய விளையாட்டு, வெயில் காயும் பாறைநிலத்திலும் வேரூன்றியது என்பதை நாம் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

இவ்விளையாட்டின் விதிகளுள் இரண்டு என் உள்ளத்தைக் கவர்ந்தவை. ஒருவர்பின் ஒருவராகக் குறித்த இடைவெளியில் புறப்படும் தனியர் போட்டியில், பிறர் பின்னே ஓடி அவர் கண்ட வழியால் பயன்பெறுதல் கூடாது என்பது முதல் விதி. அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் போட்டியை விட்டுவிட்டு உதவுதல் ஒவ்வொருவர்க்கும் கடமை என்பது மற்றொரு விதி. வழி காண்பதில் தனித்து நில். துன்பம் காணுங்கால் சேர்ந்து நில். கல்வி நிலையங்கள் கற்பிக்க வேண்டிய அறமும் இதுவே அன்றோ?

இன்றைய வகுப்பறையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூலநூலைத் திறந்தும் பாராமல் வினா–விடைக் குறிப்பை மட்டும் நம்பித் தேர்வெழுதும் மாணவர்கள் பெருகிவிட்டனர். முன்னே ஓடுபவனின் முதுகைப் பார்த்து ஓடுவது போன்றது அது. முன்னவன் வழி தவறினால் பின்னவனும் தவறுவான். அவன் விரைந்து மறைந்துவிட்டாலோ தான் நிற்கும் இடம் எதுவென்றே பின்னவனுக்குத் தெரியாது. மாணவர்களை மட்டும் இதற்குக் குறைகூறிப் பயனில்லை. கேட்ட வினாவையே மீண்டும் மீண்டும் கேட்கும் தேர்வு முறையும் அவர்களை அவ்வாறு ஆக்கியுள்ளது.

மலைபடுகடாம் காட்டும் பாறைவழி

திசையறிதல் நமக்குப் புதிதன்று. ‘ஆற்றுப்படை’ என்றொரு இலக்கிய வகையையே படைத்த மொழி நம் மொழி. ஆறு என்பது வழி, ஆற்றுப்படுத்துதல் வழிப்படுத்துதல். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. செங்கண்மாத்து நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் வழி கூறும் நூல் அது. பாறையும் புதரும் நிறைந்த மலைவழியின் இடர்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும் திறம் வியப்பிற்குரியது. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், பாம்புகள் உறையும் குழிகள், வழுக்கும் நிலம், தினைப்புனம் காப்போர் கவண் கொண்டு எறியும் கற்கள் எனப் பலவற்றையும் முன்னரே சொல்லி எச்சரிக்கின்றார். கவர்த்த வழிகளில் நடுகற்கள் நிற்பதையும் குறிப்பிடுகின்றார்.

அந்நூலில் ஓரிடம் தனியே நினைக்கத்தக்கது. வழி பிரியும் சந்திகளில், பின்னே வரும் புதியவர்கள் அறியும்பொருட்டு, இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு கூத்தர்க்குப் புலவர் கூறுகின்றார். இன்று சுவீடன் காட்டில் தொங்கும் செம்மஞ்சள் கொடிக்கும் அன்று நம் மலைவழியில் முடிந்த புல்லுக்கும் நோக்கம் ஒன்றே: இவ்விடத்தை ஒருவன் அறிந்திருக்கின்றான், வருபவனும் அறிக என்பதே அது.

ஆற்றுப்படைக்கும் திசையறி ஓட்டத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றுப்படையில் வழி கண்டவன் காணாதவனுக்கு வழி சொல்கின்றான். திசையறி ஓட்டத்திலோ படம் நிலத்தின் இயல்பை மட்டும் சொல்லும். எவ்வழிச் செல்க என்று சொல்லாது. ஆசிரியப் பெருமக்கள் இரண்டையும் செய்ய வேண்டியவர்கள். முதலாமாண்டு மாணவனை ஆற்றுப்படுத்த வேண்டும். மூன்றாமாண்டு மாணவன் கையில் படத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். முன்னதை நாம் ஓரளவு செய்கின்றோம். பின்னதைச் செய்ய அஞ்சுகின்றோம்.

இசுலாமியச் சமுதாயத்திற்கும் திசையறிவு அன்றாடக் கடமையோடு பிணைந்தது. கிப்லாத் திசையைக் கணித்தல் என்னும் தேவையே புவியியல், வானியல், கோணக் கணிதம் ஆகிய துறைகளை முசுலிம் அறிஞர்கள் வளர்த்தமைக்கு ஒரு காரணம். பதினொன்றாம் நூற்றாண்டில் அல்பிரூனி, ஊர்களின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் கணிக்கும் முறையை விளக்கித் தனிநூல் செய்தார். பஞ்சாபிலுள்ள நந்தனா என்னுமிடத்தில் ஒரு மலையின் உயரத்தை அளந்து, அதன் உச்சியிலிருந்து அடிவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தைக் கொண்டு உலகின் அளவையே கணித்தார். சென்னையிலிருந்து மக்காவின் திசை நேர்மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்தது. இதனைக் கைபேசியில் பார்த்துச் சொல்வோர் பலர். ஞாயிறு மறையும் இடத்தை நோக்கியும் திசைகாட்டியைக் கையில் ஏந்தியும் காணத் தெரிந்தோர் எத்துணைப் பேர்?

நம் மண்ணும் நம் பாறையும்

சென்னீர்குப்பத்தில் குன்றும் இல்லை, பாறையும் இல்லை, இங்கு இவ்விளையாட்டு எங்ஙனம் இயலும் என்று வினவலாம். நம் ஊர் சமநிலம் என்பது உண்மையே. ஆயினும் தென்கிழக்கே பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் திருநீர்மலையும் உள்ளன. காரையும் சூரையும் களாவும் கள்ளியும் பாறை இடுக்குகளில் வளரும் புதர்நிலம் அது. அப்பாறை உலகப் புகழ் பெற்றது. கல்கத்தாவில் அடக்கமான சோப் சார்னாக்கு என்பவரின் கல்லறைக் கல்லை ஆய்ந்த தாமசு ஆலந்து என்னும் நிலவியலார், அவ்வகைப் பாறைக்குச் ‘சார்னக்கைட்’ எனப் பெயரிட்டார். பரங்கிமலை–பல்லாவரம் பகுதிப் பாறை அவ்வகையினதே. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இராபர்ட் புரூசு பூட்டு என்பார் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். பலர் மிதித்து நடந்த கல்லை அவர் குனிந்து நோக்கினார். இந்திய வரலாறு பல்லாயிரம் ஆண்டுகள் பின்னே சென்றது!

நிலப்படத்தின் வரலாறும் நம் அருகிலேயே தொடங்குகின்றது. 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கப்பெற்றது. கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. 1802இல் வில்லியம் இலாம்டன், பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலி கொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் பெரு முக்கோண அளவைக்கு அக்கோடே அடிப்படை. இமயத்தின் உயரத்தைக் கணித்த பேரளவையின் முதற்புள்ளி நாம் நகரப் பேருந்தில் கடந்து செல்லும் இடத்தில் உள்ளது என்பது நம் மாணவர்களுள் எத்துணைப் பேர்க்குத் தெரியும்?

நெடுங்காலம் நம் நாட்டில் விரிவான நிலப்படங்கள் பொதுமக்கள் கைக்கு எளிதில் எட்டவில்லை. பாதுகாப்புக் கருதிய கட்டுப்பாடுகள் பல இருந்தன. 2005ஆம் ஆண்டுத் தேசிய நிலப்படக் கொள்கை பொதுமக்களுக்கென ஒரு வரிசையைத் தனியே வகுத்தது. 2021 பிப்ரவரியில் வெளியான நெறிமுறைகள், படங்களை ஆக்குவதிலும் பெறுவதிலும் இருந்த தடைகளைப் பெரிதும் தளர்த்தின. கதவு திறந்துவிட்டது, உள்ளே நுழையத்தான் ஆளில்லை. தேசிய மாணவர் படையில் சேர்ந்தோர் மட்டும் சான்றிதழ்த் தேர்வுக்காகப் படம் படிக்கக் கற்கின்றனர். ஏனையோர்க்கு அக்கல்வி வாய்ப்பதில்லை.

வாய்க்காமற் போவதால் என்ன இழப்பு? 2015 திசம்பரில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க முடியாது. 24 அடி ஆழம் கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரி நம் ஊருக்குத் தென்மேற்கே உள்ளது. அதன் உபரிநீர் அடையாற்றில் சேர்கின்றது. வடக்கே கூவம் ஓடுகின்றது. இடையில் நாம் வாழ்கின்றோம். நம் தெருவின் நீர் எப்பக்கம் வடியும், எந்த மனை பழைய வாய்க்காலின் மேல் எழுந்தது, வெள்ளம் வந்தால் அருகிலுள்ள மேடு எது என்று கேட்டால் விடை கூறுவார் அரியர். வயலில் உழைத்த நம் பாட்டனார்க்கு இவை யாவும் தெரிந்திருந்தன. அவர்க்குப் படம் தேவைப்படவில்லை. வயல்கள் மனைகளாயின. நிலத்தறிவு பாட்டனாரோடு போயிற்று. படத்தறிவு நமக்கு இன்னும் வரவில்லை. ஏற்ற இறக்கம் அறியாமல் வீட்டுமனை வாங்குபவன் கட்டும் விலை பணம் மட்டுமன்று.

தடைகளும் விடைகளும்

கைபேசியே வழி காட்டும்போது இப்பயிற்சி எதற்கு என்பார் உளர். கைபேசி வழி காட்டும் என்பதில் ஐயமில்லை. நானும் அதனைப் பயன்படுத்துபவனே. ஆனால் அது ‘வலப்புறம் திரும்பு’ என்று சொல்லுமேயன்றி, ஏன் திரும்ப வேண்டும் என்று கற்பிக்காது. நூறுமுறை அவ்வாறு சென்றாலும் நிலம் மனத்தில் பதிவதில்லை. வெள்ளத்தில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போகும் நாளில்தான் வழியறிவு மிகுதியாகத் தேவைப்படும் என்பதையும் மறத்தலாகாது.

பெண்மக்களை மலையிலும் புதரிலும் ஓடவிடுவதா என்று சமுதாயப் பெரியவர்கள் தயங்கக்கூடும். அத்தயக்கத்தில் அன்பு இருக்கின்றது, அதனை மதிக்கின்றேன். ஆனால் இவ்விளையாட்டின் உடை முள்ளிலிருந்து காக்குமாறு உடல் மூடிய உடை. பெண்களுக்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. தொடக்க நிலையினர் இருவர் மூவராகச் செல்லலாம். கல்லூரி வளாகத்திலேயே முதல் ஓட்டத்தை நடத்தலாம். படித்து முடித்து, அறியாத ஊரில் பணிக்குச் செல்லும் பெண்ணுக்கு, ‘நான் எங்கு நிற்கின்றேன் என்று எனக்குத் தெரியும்’ என்னும் துணிவைக் காட்டிலும் சிறந்த காவல் எது? பெரியவர்களும் பார்வையாளராக நிற்க வேண்டியதில்லை. பன்னாட்டளவில் 35 வயது கடந்தோர்க்கும் அதனினும் மூத்தோர்க்கும் வயதுவாரியாகத் தனிப் போட்டிகள் நடக்கின்றன.

இடர் இல்லை என்று நான் சொல்லவில்லை. பல்லாவரம், திரிசூலம் பகுதிகளில் கைவிடப்பட்ட கற்சுரங்கக் குழிகள் நீர் நிரம்பிக் கிடக்கின்றன. புதரில் பாம்புண்டு, வெயில் கடிது. குன்றுகளின் சில பகுதிகள் அரசு, பாதுகாப்புத் துறை, வழிபாட்டிடங்கள் ஆகியவற்றுக்கு உரியன. ஆகவே உரிய இசைவு பெறாமலும் நிலத்தை முன்னரே நடந்து பாராமலும் குழிகளை விலக்காமலும் முதலுதவியின்றியும் போட்டி நடத்துதல் ஆகாது. காலை வேளையில், மழைக்காலம் முடிந்த தை, மாசித் திங்களில் நடத்துதல் நன்று. எச்சரிக்கை தேவை; அச்சம் தேவையில்லை.

தமிழ்த்துறை செய்யத்தக்கது

பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று இது. முதற்கண் நம் கல்லூரி வளாகத்தைக் காலடியால் அளந்து மாணவர்களே படம் வரையட்டும். நூறு மீட்டருக்குத் தமக்கு எத்துணைக் காலடி என்று ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளட்டும். சில திசைகாட்டிகளும் பத்துத் துணிக்கொடிகளும் இருந்தால் முதல் ஓட்டத்தைத் தொடங்கிவிடலாம். உடற்கல்வித் துறை, தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றோடு தமிழ்த்துறையும் கைகோக்க வேண்டும்.

தமிழ்த்துறைக்குத் தனிப்பணி ஒன்றுண்டு. இவ்விளையாட்டில் ஒவ்வொரு கொடியும் எவ்வகை நிலக்கூற்றில் உள்ளது என்று ஒரு குறிப்புத் தருவர். அக்குறிப்புகளைத் தமிழில் எழுத நம்மிடம் சொல் இல்லையா? குன்று, கரடு, பொற்றை, அறை, முரம்பு, சுனை, ஓடை, கணவாய், முழை, விடர் என அடுக்கலாம். பருக்கைக் கல் நிறைந்த மேட்டு நிலம் முரம்பு. அகன்ற பாறைத் தளம் அறை. மலைப்பிளப்பு விடர், குகை முழை. இவற்றை வகுப்பில் ‘அருஞ்சொற்பொருள்’ என்று எழுதிப்போட்டு மனப்பாடம் செய்விக்கின்றோம். தேர்வு முடிந்ததும் அவை மறந்துபோகின்றன. ஒருமுறை முரம்பின்மேல் ஓடிக் கால் சறுக்கியவன் அச்சொல்லை வாழ்நாள் முழுதும் மறவான். குறிஞ்சியையும் முல்லையையும் முதற்பொருள், கருப்பொருள் என்று பட்டியலிட்டுப் படிப்பவன், அந்நிலத்தில் ஒருநாள் வியர்த்து நின்றால் திணை என்பது ஏட்டில் இருப்பதன்று, நிலத்தில் இருப்பது என்று உணர்வான்.

சான்றோர் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! நம் பிள்ளைகள் வழி தவறிவிடக் கூடாது என்று நாம் அஞ்சுகின்றோம். அவ்வச்சத்தால் ஒவ்வோரடியிலும் அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே இருக்கின்றோம். சொல்ல நாம் இல்லாத நாளும் வரும். சொல்லும் கருவி பழுதுபட்ட நாளும் வரும். அன்று கவலையில் நிற்பவன் கலங்காமல் படத்தை விரித்து, திசையை நோக்கி, நிலத்தைப் படித்து, ஒரு வழியைத் தேர்ந்து நடக்க வேண்டும். நடந்தபின் தனக்குப் பின்னே வருபவனுக்காகக் குனிந்து ஒரு பிடி புல்லை முடிந்து வைக்கவும் வேண்டும். அத்தகைய ஒரு தலைமுறையை உருவாக்கும் முயற்சி வரும் தைத் திங்களிலேயே நம் வளாகத்தில் தொடங்கட்டும்.